இன்ஜின் ஆறும் வரை

நான் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை என்று அம்மா சொல்வாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பேன்; பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். அப்படிப்பட்டவனுக்கு, தினமும் நடுவழியில் நிறுத்தி ஆற விட்டால்தான் மறுபடி நகருவேன் என்று அடம்பிடிக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வாய்த்தது.

எழுபதுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு கூடம். ஓர் அறையில் அண்ணன் குடும்பம், இன்னொன்றில் அம்மாவும் தங்கையும். கூடத்தில் அப்பாவின் கயிற்றுக் கட்டில். புதிதாகக் கல்யாணமான எங்களுக்குக் கூடத்தின் மறுகோடியில் கொடி கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். போர்வைக்குள் யாராவது இருமினால் வெளியே அப்பா எழுந்து உட்கார்ந்து, "தண்ணி வேணுமா?" என்பார். அன்பான மனிதர். காதும் நல்ல கூர்மை.

என் மனைவி ஆசிரியை. கல்யாணமான சில மாதங்களில் கோவளத்தை ஒட்டிய மீனவக் குப்பத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. சந்தோஷப்பட்டோம்; அப்புறம்தான் எப்படிப் போவது என்று யோசித்தோம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் அந்த நாளில் பஸ் என்பது பார்த்தால்தான் நிச்சயம். சாயங்காலம் திரும்பி வர ஒன்று ஒழுங்காக இருந்தது. காலையில் மணி அடிப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க எதுவும் இல்லை. அதனால்தான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, திரும்பி வந்து பத்து மணிக்குத் தாம்பரத்தில் என் ஆபீஸில் நாற்காலியைத் தேய்க்க வேண்டும். அதுதான் திட்டம்.

வண்டி பழையது. விமானப் படையில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றது. ஒற்றை சிலிண்டர், கனத்த உடம்பு, நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்தால் தெருவில் நாலு வீட்டுக் குழந்தைகள் எழுந்துவிடும். காருக்கு இருப்பதுபோல ரேடியேட்டர், தண்ணீர் எல்லாம் இதற்குக் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று அவற்றுக்குள் புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். மிச்ச சூட்டை உள்ளே சுற்றும் ஆயில் பார்த்துக்கொள்ளும். காற்றும் எண்ணெயும் இருந்தால் போதும், கன்னியாகுமரி வரை போகலாம் என்று விற்றவர் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் இரண்டு மாதம் அவர் சொன்னபடிதான் ஓடியது. பிறகு மழை வந்தது. வண்டலூர் தாண்டினால் சாலை பாதி தார், பாதி செம்மண். முன்சக்கரம் வாரி இறைக்கிற சேறு என் பேண்ட்டையும் அவள் புடவையையும் ஒரே நிறமாக்கிவிடும். பிள்ளைகள் முன்னால் அந்தப் புடவையோடு நிற்கிறாளே என்று அப்பாவுக்குத் தாங்கவில்லை. பட்டறையில் சொல்லி ஒரு இரும்புத் தகடு வெட்டி வாங்கி வந்தார். இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் கம்பி வளையத்தில் குறுக்கே வைத்து நட்டு போட்டார். சேறு நின்றுவிட்டது.

இத்தோடு விட்டிருக்கலாம். இவ்வளவு பெரிய தகடு சும்மா இருக்கிறதே என்று அப்பா யோசித்தார். போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, கறுப்புப் பூசி, மஞ்சள் எழுத்தில் ஒரு வேத வசனம் எழுத வைத்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்திப் போதகரை ஜெபிக்கச் சொன்னார். பெட்ரோல் டேங்க் வெயிலில் கொதித்ததால் போதகர் தகட்டின் மேல் கை வைத்து ஜெபித்தார். சுற்றி நின்ற எல்லோரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன், உரக்கவே.

மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் தொல்லை ஆரம்பித்தது. தாம்பரத்தில் கிளம்பி வண்டலூர் வரை ராஜா மாதிரி ஓடும். இடப்பக்கம் திரும்பிக் கொளப்பாக்கம் தாண்டினால் இழுவை குறையும். கண்டிகையில் உள்ளே சின்னச் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். அதற்கப்பால் பெயின்ட் கருகும் வாசனை. ஒருநாள் பார்க்கலாம் என்று ஓட்டினேன். பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டு பின்சக்கரம் அப்படியே நின்று, இரண்டு பேரும் சாலையோர மண்ணில் போய்ச் செருகினோம். அடி இல்லை. அதன்பிறகு அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவேன். மாம்பாக்கத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு புளியமரம் உண்டு. அதன் அடியில் நிறுத்தி, இன்ஜின் ஆறக் காத்திருப்போம்.

காத்திருப்பாள் என்று சொல்வதுதான் சரி. நான் வண்டியைச் சுற்றுவேன். குனிந்து பார்ப்பேன். விரலை எச்சில் தொட்டு சிலிண்டர் மேல் வைப்பேன், சுர்ரென்று பொங்கும். கடிகாரத்தைப் பார்ப்பேன். மறுபடி எச்சில். அவள் ஒரு வேரின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து ஆளுக்கு ஒரு இட்லி எடுத்து வைப்பாள்.

"வந்து உக்காருங்க. நீங்க முறைச்சுப் பாத்தா அது ஆறிடுமா?"

"மணி என்ன ஆகுது தெரியுமா?"

"தெரியும். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா?" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவள் வாய்விட்டுச் சிரிப்பது அந்த மரத்தடியில்தான். வீட்டில் மாமனார் இருக்கும் கூடத்தில் அப்படிச் சிரிக்க முடியாது. வகுப்பில் ஒரு பையன் கணக்குக்கு விடை தெரியாமல் வலை பின்னிக் காட்டியது, அண்ணி புதுப் புடவையை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தது, தூக்கத்தில் நான் ஆபீஸ் மேனேஜரோடு சண்டை போட்டது என்று கதை கதையாகச் சொல்வாள். நான் பாதியைக் கேட்பேன். மீதிப் பாதியில் இன்ஜின் ஆறிவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவேன்.

தாம்பரத்தில் எனக்கு ஒரு மெக்கானிக் இருந்தார். நல்ல கைராசிக்காரர் என்று ஊரே சொன்னது. அவரிடம் சனிக்கிழமைதோறும் வண்டியை விட்டேன். ஆயில் மாற்றினார். கெட்டி ஆயில் ஊற்றினார். பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, டைமிங் வைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

"இன்னா சார் நீ, வண்டி சோக்கா கீது. நானே வண்டலூர் தாண்டி அடிச்சிக்கினு போய்ட்டு வந்தேன். சூடே இல்ல."

"எனக்கு மட்டும் சூடாகுதே?"

"அதான் சார் எனக்கும் பேஜாரா கீது. நீ ஓட்டுற ஓட்டுல இன்னாவோ தப்பு."

என் ஓட்டில் தப்பா? கோபம் தலைக்கு ஏறும். முறுக்காமல் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சூடானது. வேகமாக ஓட்டிக் காற்று வாங்க வைத்துப் பார்த்தேன். இன்னும் சீக்கிரம் சூடானது. அடுத்த தெருவில் கார் வைத்திருந்த ஒருவர், வெயில் காலத்தில் பானெட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுத்தான் ஓட்டுகிறேன் என்றார். நான் இன்னும் ஒரு படி மேலே போய் ஈரச் சாக்கை இன்ஜின் மேல் சுற்றினேன். கண்டிகை தாண்டி ஏரிக்கரை வரும்போது சாக்கு காய்ந்து புகைய ஆரம்பித்தது. எதிரே மாட்டுவண்டியில் வந்தவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "ஐயா, பத்திக்கினு வருதுய்யா!" என்று கத்தினார். குதித்து இறங்கிச் சாக்கைப் பிய்த்து ஏரியில் எறிந்தேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தால் அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். பழைய வண்டி, விற்றுத் தொலை என்றார் அண்ணன். கண் பட்டிருக்கும் என்று அம்மா, அப்பா காதில் விழாமல் சொன்னாள். கிளம்புவதற்கு முன் ஜெபம் செய்கிறாயா என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். மறுநாளிலிருந்து அவரே வாசலில் வந்து நின்று ஜெபித்து அனுப்பினார். அதில் ஐந்து நிமிஷம் போனது. வழியில் ஆற விடுகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, விடிந்தும் விடியாமலும் கிளம்பத் தொடங்கினோம். அப்படியும் சில நாள் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது நான் தனியாக இன்னொரு முறை ஆற விட்டு, ஆபீஸிலும் திட்டு வாங்கினேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, அதை ஒட்டிய ஆசிரியைகள் குடியிருப்பில் தங்கியிருந்தவர். அவருக்குத் தாமதம் என்றாலே புரியாது. நாலு எட்டு வைத்தால் பள்ளிக்கூடம்; எப்படி ஒருத்தி தாமதமாக வர முடியும்? மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் என் மனைவியைக் கூப்பிட்டு, குடியிருப்பில் ஓர் அறை காலியாகிறது, திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றாராம். அங்கே வந்து தங்கிக்கொண்டால் வேலையில் தொடரலாம். முடியாது என்றால், பரீட்சை நேரத்தில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு அவரால் மல்லுக்கட்ட முடியாது.

"வாரா வாரம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போயிடலாம்னு சொல்றாங்க," என்றாள் என்னிடம். போர்வைக்குள் கிசுகிசுத்துத்தான் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"உங்கள கேட்டுச் சொல்றேன்னேன்."

போர்வைக்கு வெளியே அப்பா கட்டிலில் புரண்டார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளைக் கடற்கரையில் விட்டுவிட்டு நான் இந்தப் போர்வைக்குள் தனியாகப் படுத்திருக்க வேண்டுமா என்று விடியும்வரை விழித்துக் கிடந்தேன். வேலையை விட்டுவிடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த வேலைக்காக அவள் எவ்வளவு அலைந்தாள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. "தெய்வமே எறங்கி வந்தாலும் இனிமே இதுல ரிப்பேர் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை காலை. சரி என்று சொல்லிவிடுவதாக இருவரும் முடிவு செய்திருந்தோம். முடிவு செய்தது அவள், நான் மறுக்கவில்லை. அப்பா ஜெபித்து அனுப்பினார். வண்டலூரில் திரும்பி கொளப்பாக்கம் நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தேன். மறு நொடி தரையில் இரும்பு இழுபடும் சத்தம். தகட்டைப் பிடித்திருந்த நட்டுகளில் ஒரு பக்கம் கழன்று விழுந்து, தகடு மறு பக்கத்தில் தொங்கிக்கொண்டு ரோட்டைக் கீறியது.

இறங்கி மறு பக்கத்து நட்டையும் கையாலேயே திருகிக் கழற்றினேன். திரும்ப மாட்டலாம் என்றால் விழுந்த நட்டைக் காணோம். கட்டக் கம்பியும் இல்லை. வேறு தகடாக இருந்தால் வேலிக்குப் பின்னால் போட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து எடுத்திருப்பேன். வசனம் எழுதியதை எப்படிப் போடுவது? காலுக்கடியில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

"குடுங்க," என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் என் தோளையும் மறு கையால் தகட்டையும் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். எழுத்து வெளிப்பக்கம் பார்த்திருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைத் தலை திருப்பித் திருப்பிப் படித்தார்கள்.

கண்டிகை வந்தது. அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதுவே எனக்கு இன்னும் பதற்றமாக இருந்தது. வர வேண்டியது வராவிட்டால் பெரிதாக வரப்போகிறது என்றுதானே அர்த்தம்? ஏரிக்கரையில் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன்.

"நிக்கலையா?" என்றாள்.

"சத்தமே காணோமே."

மரத்தைத் தாண்டினோம். மாம்பாக்கம், புதுப்பாக்கம் எல்லாம் போயின. கேளம்பாக்கத்து உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியபோது கேட்கூட இன்னும் திறக்கவில்லை. நான் குனிந்து, ஆயில் இருக்கும் அடிப்பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. நிமிர்ந்து அவள் மடியைப் பார்த்தேன். அவளும் தன் மடியில் இருந்த தகட்டைப் பார்த்தாள்.

காற்று புக வேண்டிய இடத்துக்கு நேர் முன்னால் அதை நிறுத்தி வைத்திருந்தோம். எல்லாம் விளங்கியது. மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் முதல் வேலையாகத் தகட்டைக் கழற்றுவார். சாமி எழுத்து, எண்ணெய்க் கை படக்கூடாது என்று துடைத்து, மேசை மேல் சாய்த்து வைத்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். தகடு இல்லாமலே ஓட்டிப் பார்ப்பார். ஏன் சூடாகப் போகிறது? பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, கவனமாகத் திரும்ப மாட்டிக் கொடுப்பார். ஊரில் ஒருவராவது அதன் மேல் சந்தேகப்பட்டிருப்போமா? போதகர் கை வைத்து ஜெபித்தது ஆயிற்றே. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தேன்.

"மாமாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நீயே சொல்லு."

"வசனம் ரோட்டுச் சேத்துல அடிபடறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு, வாசல் நிலைக்கு மேல மாட்டலாம்னு சொல்லுவோம். சந்தோஷப்படுவார்." அவள் எதையும் இப்படித்தான் சுலபமாக்குவாள்.

மணி அடிக்க நிறைய நேரம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் கடல். இத்தனை மாதம் அந்த வாசல் வரை வந்திருக்கிறேன். ஒருநாளும் கடலைப் பார்த்ததில்லை. வந்ததும் இறக்கிவிட்டுத் திரும்பி ஓடத்தான் நேரம் இருந்திருக்கிறது. இருவரும் நடந்து போனோம். கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. கூடையில் மீனை அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, "இன்னா டீச்சர், இன்னிக்கி இவ்ளோ சீக்கிரமா வந்துட்டீங்க? இதாரு, வூட்டுக்காரரா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி என் மனைவி வெட்கப்பட்டாள்.

மணலில் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். அவள் குதிக்காத குறையாகச் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன? பிரச்சினை தீந்துடுச்சு. ரூம் வேணாம்னு சொல்லிடு. உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

"ரொம்ப சந்தோஷம்," என்றாள். சுற்றிய தலைப்பை அவிழ்த்துக்கொண்டே, "இனிமே வழியில நிக்க மாட்டோம், இல்ல?" என்று கேட்டாள்.

"அவசியமே இல்ல. நேரா இங்கதான்."

"ம்."

அந்த 'ம்' எனக்குப் பிடிபடவில்லை. நான் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். ஆற விடும் நேரம் மிச்சம், வழியில் வண்டியை உதைத்துக்கொண்டு நிற்பது மிச்சம். "இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம் நீ. ஏழரைக்குக் கிளம்பினாப் போதும்," என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் பள்ளிக்கூடத்துக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனாள். நான் வாசலில் நின்றேன். ஆபீஸுக்குக் கிளம்பியிருக்க வேண்டும், கிளம்பவில்லை. அவர் ஒப்புக்கொள்வாரோ மாட்டாரோ, அறையை வேறு யாருக்கும் தராமல் இவளுக்கென்று எழுதி வைத்துவிட்டாரோ என்று கேட்டுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அவள் வெளியே வந்தாள். "ஒரு மாசம் பாக்கலாம்னாங்க. நடுவுல ஒருநாள் லேட்டானாலும் பெட்டி படுக்கையோட வந்துடணுமாம்."

"ஆக மாட்டோம்!" என்றேன். அங்கே நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, "அப்ப நாளைக்கு ஏழரை," என்றேன்.

"வேணாம். இதே நேரத்துக்கே கிளம்பலாம்."

"எதுக்கு? அதான் சூடாகாதே."

அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்யாணம் ஆனதுலருந்து நாம ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசினது எங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

நான் யோசித்தேன். கூடம், போர்வை, அப்பாவின் கட்டில், ஞாயிற்றுக்கிழமைக் கோயில், உறவுக்காரர்களின் வீடுகள். இத்தனை மாதமாக எந்த நிமிஷங்களை நான் சபித்துக்கொண்டே கழித்தேனோ, அவற்றைத்தான் அவள் எண்ணிக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்து மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். அவளும் இரண்டடி போய்விட்டு, ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பி வந்தாள்.

"வீட்ல மட்டும் வண்டி சரியாயிடுச்சுன்னு சொல்லிடாதீங்க," என்றாள்.